எறும்புகளின் கறவை மாடுகள்

மார்கழி, தை மாதங்களில் மொரப்பூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் அவரைக் கொடியை உற்றுப் பாருங்கள். இளந்தண்டிலும் பூங்கொத்திலும் கடுகளவேயான கரிய பூச்சிகள் அப்பியிருக்கக் காணலாம். இவையே அசுவினிகள். அவற்றினிடையே கட்டெறும்புகள் ஓயாமல் போய்வந்துகொண்டிருக்கும். அவை அசுவினியைத் தின்ன வந்தவை அல்ல. 'பால் கறக்க' வந்தவை!

தேன்துளி

அசுவினி தன் ஊசி போன்ற வாயுறுப்பைத் தண்டினுள் செலுத்திச் சாற்றை உறிஞ்சுகிறது. இச்சாற்றில் சர்க்கரை மிகுதி. அமினோ அமிலங்களோ மிகக் குறைவு. எனவே, அவற்றைப் போதிய அளவு பெற ஏராளமான சாற்றைக் குடித்தாக வேண்டும். எஞ்சிய சர்க்கரையும் நீரும் துளித்துளியாகக் கழிகின்றன. இதற்குத் தேன்துளி என்று பெயர். எறும்பு தன் உணர்கொம்புகளால் அசுவினியைத் தட்டித் துளியைப் பெறுகிறது. அதைத் தீனிப்பையில் சேமித்துச் சென்று கூட்டிலுள்ள மற்ற எறும்புகளுக்கும் ஊட்டுகிறது.

டார்வினின் சோதனை

1859-இல் வெளியான 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலில் டார்வின் ஒரு சோதனையை விவரிக்கிறார். ஒரு செடியில் ஏறத்தாழ 12 அசுவினிகள் இருந்தன. எறும்புகளை அகற்றிச் சில மணி நேரம் அண்டவிடாமல் தடுத்தார். பின்னர் ஒரு மயிரிழையால் எறும்பைப் போலவே அசுவினிகளை வருடினார். ஒன்றுகூடத் துளி விடவில்லை. ஓர் எறும்பை விட்டதும், அது தொட்ட ஒவ்வோர் அசுவினியும் வயிற்றை உயர்த்தித் துளியை ஈந்தது!

இது கொடையன்று. பிசுபிசுப்பான கழிவு அகல்வது அசுவினிக்கும் நன்மையே என்றார் டார்வின். மேலும், அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டுகளையும் அவற்றின் புழுக்களையும் எறும்புகள் கடித்து விரட்டுகின்றன. ஆயினும் புரதம் தேவைப்படும்போது சில எறும்புகள் தம் 'மாட்டையே' தின்பதும் உண்டு!

உழவருக்கு என்ன?

சாறு இழந்த கொடி வாடுகிறது. இலைமேல் சிந்திய தேன்துளியில் கரும்பூஞ்சணம் படர்ந்து சூரிய ஒளியை மறைக்கிறது. கண்டபடி பூச்சிமருந்து தெளித்தால் பொறிவண்டுகளும் மடியும். பெண் அசுவினியோ ஆணின்றியே குட்டிகளை ஈனும். ஆதலால் தப்பிய சிலவே விரைவில் பல்கிப் பெருகிவிடும்.

செய்து பாருங்கள்

அசுவினியும் எறும்பும் உள்ள, ஒரே அளவான இரண்டு அவரைக் கொடிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றின் அடித்தண்டில் துணிப்பட்டை சுற்றிக் கிரீஸ் தடவுங்கள். ஊன்றுகோலிலும் அவ்வாறே செய்யுங்கள்; இல்லையேல் எறும்பு அவ்வழியே ஏறிவிடும். இலைகள் வேறெதையும் தொடலாகாது. மேலே இருக்கும் எறும்புகளைத் தட்டி அகற்றுங்கள். மற்றதை அப்படியே விடுங்கள். 10 நாட்கள், நாள்தோறும் இரண்டிலும் அசுவினி, எறும்பு, பொறிவண்டு ஆகியவற்றை எண்ணி அட்டவணையில் குறியுங்கள்.

காவலற்ற கொடியில் பொறிவண்டு மிகுந்து அசுவினி குறைந்ததா? அப்படியாயின், ஒரு முழத் துணியே பயிரைக் காக்க உதவும் என்பதை உங்கள் அட்டவணை காட்டும். குறையவில்லையா? பொறிவண்டுகள் அங்கு வந்தனவா என முதலில் பாருங்கள்.