காரணம் சொல்லாமல் கிரெடிட் கார்டை மறுக்கலாமா?

கேள்வி: தஞ்சாவூரில் குழந்தைகள் நல மருத்துவராக இருக்கிறேன். வயது 43. சொந்தமாக கிளினிக் நடத்துகிறேன். தவறாமல் வருமான வரி கட்டுகிறேன். என் பெயரில் இதுவரை கடன் வாங்கியதில்லை. வீட்டுக் கடன், கார் கடன் எல்லாம் கணவர் பெயரில்தான். அவருடைய கிரெடிட் கார்டின் ஆட்-ஆன் கார்டைத்தான் நான் பயன்படுத்துகிறேன். எனக்குச் சேமிப்புக் கணக்கு உள்ள தனியார் வங்கி, ‘உங்களுக்கு முன் ஒப்புதல் தரப்பட்டுள்ளது’ என்று குறுஞ்செய்தி அனுப்பியது. அதை நம்பி, விமான நிலைய ஓய்வறை வசதியெல்லாம் உள்ள பிரீமியம் கார்டுக்கு விண்ணப்பித்தேன். ‘வங்கியின் உள் கொள்கைப்படி விண்ணப்பம் ஏற்கப்படவில்லை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. கிளையில் கேட்டால், ‘சிபில்ல உங்களுக்கு ஹிஸ்டரியே இல்ல மேடம்’ என்கிறார்கள். கடன் வாங்காமல் இருந்தது குற்றமா? வங்கி மீது வழக்குப் போட முடியுமா? இல்லை, வேறு வங்கிகளில் முயன்று பார்க்கலாமா?

பதில்: கடன் வாங்காமல் வாழ்வதை எந்தச் சட்டமும் குறையாகச் சொல்லவில்லை. உழைத்து, வரி கட்டி, யாரிடமும் கை நீட்டாமல் இருந்தவரிடம் ‘ஹிஸ்டரியே இல்லை’ என்றால் மனம் நோகத்தான் செய்யும். டாக்டரின் கோபம் நியாயமானது. ஆனால் அவருடைய கேள்வியில் இரண்டு உரிமைகள் கலந்து கிடக்கின்றன. கார்டைப் பெறும் உரிமை ஒன்று. மறுத்த காரணத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை இன்னொன்று. முதலாவது அவருக்கு இல்லை. இரண்டாவது நிச்சயமாக உண்டு. அதை வங்கி இன்னும் அவருக்குத் தரவில்லை.

முதலில் வழக்கு பற்றி. கிரெடிட் கார்டு என்பது பிணை இல்லாத கடன். யாருக்குக் கடன் கொடுப்பது என்பதை வங்கியின் வணிக முடிவாகவே சட்டம் பார்க்கிறது. தனியார் வங்கி என்பதால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதும் பயன் தராது. ஃபெடரல் வங்கி அதிகாரி ஒருவரின் வழக்கில், தனியார் வங்கியை அரசின் அங்கமாகக் கொள்ள முடியாது என்று 2003-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

அரசு வங்கி என்றால் கதவு சற்றுத் திறந்திருக்கும். சிபில் மதிப்பெண் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பு பாரத ஸ்டேட் வங்கி. ஆனால் அந்தத் தீர்ப்பின் பின்னால் ஒரு மாணவரின் படிப்பு இருந்தது, கல்விக் கடனுக்கென்றே வகுத்த பொதுக் கொள்கை இருந்தது. ஓய்வறை வசதி உள்ள கார்டுக்காக எந்த நீதிமன்றமும் அந்த அளவுக்குப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

இனி, காரணம். கிரெடிட் கார்டு விண்ணப்பத்தை நிராகரித்தால், அதற்குக் காரணமான குறிப்பிட்ட விஷயங்களை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கார்டு வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன. இது புதிதாக முளைத்த விதி அல்ல. கடன் எவ்வளவு சிறியதானாலும் பெரியதானாலும், கிரெடிட் கார்டு விண்ணப்பம் உட்பட, மறுப்புக்கான காரணத்தை எழுதித் தர வேண்டும் என்று 2007-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை போயிருக்கிறது. ‘உள் கொள்கைப்படி’ என்பது குறிப்பிட்ட காரணம் ஆகாது. எந்த விண்ணப்பத்துக்கும் பொருந்தும் ஒரு வரி அது. கிளை ஊழியர் வாய்மொழியாகச் சொன்னதும் எழுத்து ஆகாது. நாளை அவர் மாற்றலாகிப் போனால் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

காரணம் தெரிந்து மட்டும் என்ன ஆகப்போகிறது என்று தோன்றலாம். டாக்டரின் விஷயத்தில் அதுதான் முக்கியம். ‘ஹிஸ்டரி இல்லை’ என்பது உண்மையாகவே இல்லாததாலும் இருக்கலாம். இருந்தும் பதிவாகாததாலும் இருக்கலாம்.

இந்தியாவில் கடன் வரலாற்றைத் தொகுப்பவை நான்கு நிறுவனங்கள்: டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க். கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 2005-ன் கீழ் இவை இயங்குகின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்கள் கடன் கணக்குகளின் விவரத்தை இவற்றுக்கு அனுப்புகின்றன. மதிப்பெண் 300 முதல் 900 வரை. கடன் கணக்கே இல்லாதவருக்கு எண்ணுக்குப் பதில் ‘வரலாறு இல்லை’ என்ற குறிதான் வரும். சேமிப்புக் கணக்கில் எவ்வளவு பணம் இருந்தாலும், வைப்பு நிதி இருந்தாலும், யுபிஐயில் தினமும் பணம் புழங்கினாலும் அது இந்த ஏட்டில் ஏறாது. சீட்டு கட்டியதும், அடகுக் கடையில் நகையை வைத்து மீட்டதும் ஏறாது. அதே நகையை வங்கியிலோ பதிவு பெற்ற நிதி நிறுவனத்திலோ வைத்திருந்தால் ஏறும். ஆகவே டாக்டர் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டியது இது: கிளினிக் தொடங்கிய காலத்திலோ வீடு கட்டிய நேரத்திலோ தன் பெயரில் ஒரு நகைக் கடன் வாங்கி அடைத்தாரா? நகைக் கடனை நம் ஊரில் பலர் ‘கடன்’ கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அதைவிட முக்கியமான கேள்வி வீட்டுக் கடன். ‘கணவர் பெயரில்’ என்று டாக்டர் எழுதியிருக்கிறார். வீட்டுப் பத்திரம் இருவர் பெயரிலும் இருந்தால், வங்கி பெரும்பாலும் மனைவியையும் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கும். தவணை கணவரின் கணக்கிலிருந்து போவதால் மனைவிக்கு அது நினைவில் நிற்பதில்லை. கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்து அதில் அவர் கையெழுத்து இருந்தால், இத்தனை ஆண்டுகளாகத் தவறாமல் கட்டிய தவணைகள் அவருடைய வரலாறும்தான். அது அவர் அறிக்கையில் இல்லை என்றால் பதிவு செய்யாதது கடன் கொடுத்த வங்கியின் தவறு.

பெயரும் ஒரு காரணமாக இருக்கலாம். திருமணத்துக்கு முன் தந்தையின் இனிஷியல், பின்பு கணவரின் இனிஷியல், பான் அட்டையில் தந்தை பெயர் முழு நீளத்துக்கு என்று ஒரே பெண்மணி மூன்று பெயர்களில் வங்கி ஏடுகளில் இருப்பது தமிழ்நாட்டில் சாதாரணம். பழைய கணக்கில் பான் எண் சேர்க்கப்படாமல் இருந்தால், அவருடைய வரலாறு வேறொரு கோப்பில் தனியாகக் கிடக்க வாய்ப்புண்டு. வேறொருவரின் கணக்கு இவர் பெயரில் வந்து ஒட்டிக்கொள்வதும் நடக்கும்.

இதையெல்லாம் அறிய வழக்கறிஞரோ முகவரோ தேவையில்லை. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி உத்தரவு. நான்கிலும் எடுத்துப் பார்ப்பது நல்லது; ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கலாம். சொந்த அறிக்கையைத் தானே கேட்டுப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. இது தவிர, விண்ணப்பத்தைப் பரிசீலித்தபோது வங்கி வாங்கிய அறிக்கையின் நகலை அந்த வங்கியிடமே கேட்டுப் பெறும் உரிமையை 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் 21-வது பிரிவு தருகிறது. அதற்குரிய கட்டணம் செலுத்த வேண்டும். விடுபட்டதையும் தவறானதையும் திருத்தக் கேட்கும் உரிமையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. கேட்ட 30 நாளுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் 26 முதல் அமலில் உள்ளது.

ஆட்-ஆன் கார்டு பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. ரிசர்வ் வங்கி விதிப்படியே அதன் கடன் பொறுப்பு முழுவதும் முதன்மை அட்டைதாரருடையது. டாக்டர் எத்தனை ஆண்டு ஒழுங்காகச் செலவு செய்து, அந்தப் பணத்தைத் தன் வருமானத்திலிருந்தே கொடுத்திருந்தாலும், நற்பெயர் பெரும்பாலும் கணவரின் கணக்கில்தான் சேரும். முதன்மை அட்டைதாரர் காலமானால் ஆட்-ஆன் கார்டும் நின்றுவிடும். நன்றாகச் சம்பாதிக்கும் மருத்துவர்களும் ஆசிரியைகளும் கணவர் இறந்த பிறகு வங்கியில் முதல் முறையாகக் கடன் கேட்கும் நிலைக்குத் தள்ளப்படுவது இதனால்தான். குடும்பத்தின் கடன் முழுவதையும் ஒருவர் பெயரிலேயே வைப்பது வசதியாகத் தெரிகிறது. மற்றவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது இப்படியொரு மறுப்பு வரும்போதுதான் தெரிகிறது.

சரி, எங்குமே எதுவும் இல்லை, வரலாறு உண்மையாகவே வெறுமைதான் என்றால்? அப்போதும் சொல்ல ஒரு வாதம் உண்டு. முதல் முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தைக் கடன் வரலாறு இல்லை என்பதற்காக மட்டுமே நிராகரிக்கக் கூடாது என்று 2025 ஜனவரி 6 தேதியிட்ட நெறிமுறைகளில் ரிசர்வ் வங்கி கூறியிருக்கிறது. குறைந்தபட்ச மதிப்பெண் எதையும் ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கவில்லை என்று மத்திய அரசும் 2025-ல் நாடாளுமன்றத்தில் விளக்கியது. ஆனால் ரிசர்வ் வங்கி நெறிமுறையின் அந்த வாசகத்தை அளவுக்கு மீறி நம்பிவிடவும் கூடாது. இது சிறந்த நடைமுறையாகச் சொன்ன அறிவுரை. மீறினால் தண்டனை என்று எழுதிய கட்டளை அல்ல. வருமானத்தையும் வரி தாக்கலையும் பார்த்த பிறகுதான் மறுத்தோம் என்று வங்கி சொல்லிவிட்டால் வாதம் அங்கே முடிந்துவிடும். பிரீமியம் கார்டுகளை ஏற்கெனவே வேறு கார்டு வைத்திருப்பவர்களுக்கே தருவது என்று வங்கி வைத்துக்கொள்ளும் தகுதி வரையறையையும் இது தடுக்காது.

ஆகவே டாக்டர் செய்ய வேண்டியது, வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலில் ஒரு சிறு கடிதம். விண்ணப்ப எண், தேதி, வந்த ஒரு வரிப் பதில், ‘முன் ஒப்புதல்’ குறுஞ்செய்தியின் நகல் ஆகியவற்றை இணைத்து, ரிசர்வ் வங்கியின் கார்டு நெறிமுறைகளின்படி குறிப்பிட்ட காரணத்தை எழுத்தில் தரவும், 21-வது பிரிவின்படி அறிக்கையின் நகலைத் தரவும் கேட்க வேண்டும். கோபமாக எதுவும் எழுத வேண்டாம். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, அதே ஒரு வரி திரும்பி வந்தாலோ, தாமதிக்காமல் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். இணையதளத்தில் புகார் பதியலாம். சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் புகார் மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். கட்டணம் இல்லை. வழக்கறிஞர் மூலம் புகார் கொடுப்பதை ஆம்புட்ஸ்மேன் திட்டமே அனுமதிக்கவில்லை என்பதால், அந்தச் செலவும் இல்லை.

புகாரை எழுதும் விதத்தில்தான் கவனம் வேண்டும். ‘எனக்குக் கார்டு தரவில்லை’ என்று எழுதினால் அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளுபடியாகும். ‘காரணத்தை எழுத்தில் தரவில்லை’ என்று எழுதினால் அது விதிமீறல். விசாரித்தே ஆக வேண்டும்.

நுகர்வோர் ஆணையம் இந்த நிலையில் பலவீனமான வழி. பணம் கொடுத்துச் சேவை பெற்றவர்தான் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்; கார்டே கிடைக்காதவரை அந்த இடத்தில் வைப்பது கடினம். சேர்ப்புக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு திருப்பித் தராமல் இருந்தால் நிலைமை வேறு. ‘முன் ஒப்புதல்’ குறுஞ்செய்தியைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று வாதிடலாம்தான். ஆனால் அத்தகைய செய்திகளின் இணைப்பில் ‘இறுதி முடிவு வங்கியுடையது’ என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். அதை மட்டும் நம்பி வழக்குத் தொடுப்பது உசிதமல்ல.

கடைசியாக, வேறு வங்கிகள். இப்போதைக்கு வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கடன் அறிக்கையில் ஒரு விசாரணை பதிவாகும். வரலாறே இல்லாத கோப்பில் நான்கு விசாரணைகள் மட்டும் வரிசையாக நின்றால் ஐந்தாவது வங்கி தயங்கும். வீட்டுக் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்து இருந்தால் முதலில் அந்தத் திருத்தம் முடியட்டும். இல்லையென்றால், வைப்பு நிதியைப் பிணையாகக் கொண்டு தரும் கிரெடிட் கார்டை வாங்கலாம். வங்கிக்கு ஆபத்து இல்லாததால் வரலாறு கேட்க மாட்டார்கள், ஆனால் கணக்கு மற்ற கார்டுகளைப் போலவே டாக்டரின் பெயரில் பதிவாகும். மருந்து, பெட்ரோல் என்று வரம்பில் சிறு பகுதியை மட்டும் செலவழித்து, குறைந்தபட்சத் தொகையோடு நிறுத்தாமல் முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டி வந்தால், ஆறு மாத அளவில் மதிப்பெண் உருவாகத் தொடங்கும். பிரீமியம் கார்டுக்கான அடுத்த விண்ணப்பத்தை அதன் பிறகு கொடுக்கலாம். கூடவே மூன்று ஆண்டு வருமான வரி தாக்கலின் நகல்களையும் இணைக்க வேண்டும்.