பெருமூளை வாதம்: பழி வேண்டாம், கவனம் வேண்டும்



கியா பார்ம் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பிள்ளைக்கு மாதங்கள் ஆகியும் தலை நிற்கவில்லை என்றால் லயத்தில் என்ன பேச்சு கிளம்பும்? "கிரகணத்துல வெளியே போயிருப்பா." "போன ஜென்மத்துப் பாவம்." "அவங்கப்பாவும் லேட்டாத்தான் நடந்தாரு, விடுங்க." முதல் இரண்டும் தாயின் மேல் பழி போடுகின்றன. மூன்றாவது, சிகிச்சைக்கு உரிய நேரத்தை வீணாக்குகிறது.

என்ன இது?

வளரும் மூளையில், உடல் அசைவை நடத்தும் பகுதி பாதிக்கப்படுவதே பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி). இது தொற்றாது. மூளையின் பாதிப்பு நாளடைவில் பெருகாது. ஆனால் பயிற்சி இல்லாவிட்டால் தசை இறுகி மூட்டு மடங்கிவிடும். பலருக்கு அறிவுத்திறன் நன்றாகவே இருக்கும். பேச்சு குழறுவதை வைத்துப் புத்தியை எடை போடக்கூடாது.

காரணங்கள்

1861-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில், சிக்கலான பிரசவத்தைக் காரணம் காட்டினார். 1897-இல் சிக்மண்ட் பிராய்டு, கோளாறு கருவிலேயே தொடங்கியிருக்கலாம் என்றார். இன்று தெரிவது: பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே பாதிப்பு நேர்ந்துவிடுகிறது. குறைமாதப் பிறப்பு, எடைக் குறைவு, இரட்டைக் கரு, கர்ப்பத்தில் தொற்று ஆகியவை ஆபத்தைக் கூட்டும். பிரசவத்தில் மூச்சுத் திணறல் ஒரு பங்குதான். பிறந்த பின் மூளைக்காய்ச்சல், தலையில் அடி ஆகியவையும் காரணமாகலாம். பலருக்குக் காரணமே தெரியாது.

நம்மால் தடுக்கக்கூடிய ஒன்று, பச்சிளம் குழந்தையின் கடுமையான மஞ்சள் காமாலை. "காலை வெயில்ல காட்டுனா போதும்" என்பார்கள். மேகம் மூடிய நம் மலையில் மட்டுமல்ல, எங்குமே அது மருத்துவமனையின் நீல ஒளிச் சிகிச்சைக்கு ஈடாகாது. மிஸ்ஸி இரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொன்னால் அன்றே போங்கள். ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தையின் துணியில் அந்துருண்டை போடவே கூடாது. அது காமாலையை வேகமாக ஏற்றும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குத் தனி இரத்தப் பரிசோதனை கிடையாது. மருத்துவர் வளர்ச்சியையும் தசையின் இறுக்கத்தையும் கவனிப்பார்; தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுப்பார். வீட்டில் பார்க்க வேண்டியவை:

• 4 மாதமாகியும் தலை நிற்காதது
• கை எப்போதும் இறுக மூடியிருப்பது
• தூக்கினால் கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னுவது
• 1 வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக்கில் சொல்லுங்கள். முடிவு தெரியும்வரை காத்திராமல் பயிற்சியைத் தொடங்கலாம்.

வகைகள்

1. இறுக்க வகை: ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கு இதுதான். ஒரு பக்கக் கை கால், இரு கால்கள், அல்லது கை கால் நான்கும் இறுகும்.
2. தன்னிச்சை அசைவு வகை: கை, கால், முகம் நம் கட்டுப்பாடின்றி நெளியும். கடுமையான காமாலையால் வருவது பெரும்பாலும் இதுவே.
3. தள்ளாட்ட வகை: நடையில் சமநிலை இருக்காது.
4. கலப்பு வகை.

எங்கே போவது?

தானா ராத்தாவில் மாவட்ட மருத்துவமனை உண்டு. அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சமூக நல இலாகாவில் ஓகேயு கார்டு பதிவு செய்யுங்கள். அந்த இலாகாவின் பிடிகே எனும் சமூக மறுவாழ்வுத் திட்டம் 1984-இல் திரெங்கானுவில் தொடங்கி, நாடெங்கும் பரவியது. பயிற்சி ஒரு நாள் வேலை அல்ல. வார இறுதி நெரிசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் தனியாக அலையும்போது, கார் வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் உதவினால் அதுவே பெரிய தொண்டு.

எட்டுக் கோணல் உடலோடு ஜனகரின் அவைக்குப் போன அஷ்டவக்கிரர், வந்தி என்ற பண்டிதரை வாதத்தில் வென்றார். நம் மரபு அவரைப் பாவி என்று ஒதுக்கவில்லை, ஞானி என்று வணங்குகிறது.

கலந்துரையாட

1. "பாவம்" என்ற பேச்சு வந்தால் பெரியவர்களிடம் மரியாதையோடு எப்படிப் பதில் சொல்வீர்கள்?
2. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை நம் கோயிலுக்குள் நுழைய வழி இருக்கிறதா? இல்லையென்றால் யாரிடம் பேசுவது?