ரேடியோவுக்கு எர்த்: சத்தமும் தெளியணும், உயிரும் தப்பணும்



2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டம் வெள்ளத்தில் தவித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. பல ஊர்களில் கரண்டும் இல்லை, செல்போனும் இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் போகும் சில வீடுகளில் பரணில் கிடந்த பழைய ரேடியோ கீழே இறங்கியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஒரு கடற்கரை ஊரில் ஒரு சகோதரி சொன்னதைக் கேளுங்கள்.

"ரேடியோ கரகரங்குதுன்னு வீட்டுக்காரரு எர்த் கம்பியக் குழாயில கட்டினாரு. இப்ப தண்ணி பிடிக்கப் போனா குழாய் சுர்ருன்னு இழுக்குதுக்கா."

போய்ப் பார்த்தோம். மேலே தெரிவது இரும்புக் குழாய், மண்ணுக்குள் போவது பிளாஸ்டிக் பைப். ரேடியோவில் கசிந்த கரண்ட் மண்ணில் இறங்க வழியில்லாமல் குழாயிலேயே நின்றது. ஈரக்கையோடு தொடுகிற பெண்ணின் உடம்புதான் அதற்கு வழி! மெயினை அணைத்துக் கம்பியை அவிழ்க்கச் சொன்னோம்.

எர்த் எதற்கு?

ஏரியல் கம்பியும் எர்த்தும் சேர்ந்தால்தான் பழைய ரேடியோவில் மத்திய அலை நிலையங்கள் தெளிவாகக் கேட்கும். பெட்டியின் பின்பக்கம் இரண்டு துளைகள் இருப்பது இதற்காகத்தான். கூரைமேல் கட்டிய ஏரியலில் இடிமழை நேரத்தில் சேரும் மின்சாரத்தையும் எர்த் மண்ணில் இறக்கும். பேட்டரி டிரான்சிஸ்டருக்கு எர்த் தேவையில்லை.

செய்ய வேண்டியவை

1. எர்த் போடும் வேலையை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.
2. நம் கரையில் மேல்மணல் காய்ந்திருக்கும், அதில் கரண்ட் இறங்காது. எர்த் பைப் ஈரமண் வரை, சுமார் 8 அடி இறங்க வேண்டும்.
3. ரேடியோ எர்த்தை வீட்டு எர்த்தோடு தடித்த செம்புக் கம்பியால் இணைக்கச் சொல்லுங்கள். தனித்தனியாக விட்டால், இடி நேரத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ரேடியோ வழியாகக் கரண்ட் பாயும்.
4. உப்புக்காற்றில் இணைப்பு துருப்பிடிக்கும். வருஷாவருஷம் புரட்டாசியில், மழைக்கு முன் சோதியுங்கள்.
5. ஷாக் அடித்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கரை வீட்டில் மாட்டுங்கள்.

செய்யக் கூடாதவை

1. தண்ணீர்க் குழாய், கேஸ் பைப், மின்சார நியூட்ரல் கம்பி எதிலும் எர்த் கட்டாதீர்கள்.
2. ரேடியோவைத் திறந்து உள்தகட்டில் கம்பி கட்டாதீர்கள். சில பழைய செட்டுகளில் அந்தத் தகட்டிலேயே கரண்ட் இருக்கும்.
3. இடி வருமுன்பே பிளக்கையும் ஏரியலையும் கழற்றிவிடுங்கள். இடிக்கும்போது தொடாதீர்கள். நேராக விழும் மின்னலை எந்த எர்த்தும் முழுதாகத் தடுக்காது.

புயல் சேதி கேட்கத்தான் ரேடியோ. எனவே பேட்டரி ரேடியோ ஒன்றை மாற்று பேட்டரியோடு வைத்திருப்பதே நல்லது.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

உங்கள் வீட்டு எர்த் எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? யார் வீட்டிலாவது குழாயில் கம்பி கட்டியிருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே மெயினை அணைத்து அவிழ்க்கச் சொல்லுங்கள்.