அற விதிகளும் அன்பு நெறியும்

ஒழுக்கத்தை உயிரினும் மேலானதாகப் போற்றி வாழ்ந்தவர்கள் எம் முன்னோர். பொய் சொல்லாதே, களவெடுக்காதே, உயிர்களை வருத்தாதே என்று சிறு வயதிலேயே பிள்ளைகளுக்குப் புகட்டுகின்றோம். இவ்விதிகளை மாறாமற் கைக்கொண்டால் மட்டும் ஒருவர் அறவாழ்வு வாழ்ந்தவராகிவிடுவாரா? எமது நூல்களின் துணைகொண்டு இதனைச் சிந்திப்போம்.

மகாபாரதத்தின் கர்ண பருவத்திலே கௌசிகர் என்னும் தவசியின் கதை வருகின்றது. எக்காலத்தும் உண்மையே பேசுவது அவரது விரதம். கள்வருக்கு அஞ்சி ஓடிவந்த சிலர் அவரிருந்த இடத்துக்கு அருகே காட்டினுள் ஒளிந்தனர். துரத்தி வந்த கள்வர் வினவியபோது கௌசிகர் உள்ளதை உள்ளபடி கூறினார். ஒளிந்தவர்கள் கொல்லப்பட்டனர், உண்மை பேசிய தவசியோ நரகம் புகுந்தார். இக்கதையைக் கண்ணபிரான் அருச்சுனனுக்குச் சொன்னார். தன் சபதத்தைக் காக்கவேண்டித் தமையனாகிய தருமர்மீதே அருச்சுனன் வாளுருவி நின்ற வேளை அது. விதியைக் காக்கப்போய் அறத்தை இழக்கலாம் என்பதே கண்ணன் உணர்த்திய பாடம்.

திருவள்ளுவரும் வாய்மை அதிகாரத்தின் முதற் குறளிலேயே, பிறருக்குத் தீங்கு தராத சொல்லே வாய்மை என்கின்றார். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது இரண்டாவது குறள். ஆனால் மூன்றாவது குறளோ, நெஞ்சறியப் பொய் சொன்னால் அந்நெஞ்சே சுடும் என எச்சரிக்கின்றது. இம்மூன்றையும் சேர்த்தே நாம் படித்தல் வேண்டும். இரண்டாவதை மாத்திரம் பிடித்துக்கொள்வோர் இன்று பலர்.

அப்படியாயின் விதிகள் வேண்டாமா? காளத்தியிலே ஆகம முறை வழுவாது பூசித்தவர் சிவகோசரியார். ஊனமுது படைத்தவர் வேடராகிய திண்ணனார். இறைவன் சிவகோசரியாரின் பூசையை வெறுக்கவில்லை. கனவிலே தோன்றித் திண்ணனாரின் அன்பை அவருக்கு உணர்த்தினார். விதி எம்மைப் பழக்குகின்றது. அன்பு அதனை நிறைவு செய்கின்றது.

விதியை மீறுவது அன்பினாலா, சுயநலத்தினாலா என்று அறிவது எவ்வாறு? அதனால் வரும் இழப்பு யாருக்கு என்று பார்த்தால் பெரும்பாலும் விளங்கிவிடும். முறை கடந்த திண்ணனார் தம் கண்ணையே இடந்து அப்பினார். பசுக்கன்று இறந்ததற்குப் பிராயச்சித்தம் செய்தாற் போதும் என அமைச்சர்கள் நூல் விதியைக் காட்டியபோதும், அச்சலுகையை மனுநீதிச் சோழர் ஏற்கவில்லை. கன்றை இழந்த பசுவின் துயரைத் தாமும் அடைவதே முறையென்று தம் ஒரே மைந்தனைத் தேர்க்காலிலிட்டார். ஒருவர் முறையைக் கடந்தார். மற்றவர் முறை தந்த சலுகையை மறுத்தார். இருவருமே இழப்பைத் தம்மேல் ஏற்றனர்.

விரத நாளிலே அயல் வீட்டுப் பிள்ளையைப் பாம்பு தீண்டினால், பூசை முடியட்டும் என்று காத்திருப்பது பக்தியாகாது. அதேவேளை, வசதிக்காக விரதத்தை விட்டுவிட்டு 'மனம் சுத்தமாயிருந்தாற் போதும்' என்பதும் அன்பாகாது. பிள்ளைகளுக்கு விதிகளைச் சொல்லிக் கொடுப்போம். அவை யாருக்காக, எதற்காக என்பதையும் கூடவே சொல்லிக் கொடுப்போம். இரண்டையும் அறிந்து நடக்க எல்லாம்வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.