கோணப் பரிமாணமும் ஆதாரக் கோடும்

மாணவர்களே, கோணம் ஒன்றைக் குறிக்க இரு கோடுகள் வேண்டும். கூரைக் கைமரத்தின் சாய்வை மட்டும் வரைந்து அருகில் 30° என எழுதினால், அது கிடையுடனா, நிலைக்குத்துடனா? நிலைக்குத்துடன் எனக் கொள்ளும் தச்சர், கிடையுடன் 60° சாய்வில் மரத்தை அறுத்துவிடுவார்.

செய்முறை (ஓட்டோகாட்)

1. எஃப் 8 விசையால் ஓர்த்தோவை இயக்கி, கோணத்தின் உச்சியிலிருந்து கிடையாக மெல்லிய கோடொன்றை வரைக. இதுவே ஆதாரக் கோடு.
2. கோணப் பரிமாணக் கட்டளையைத் தெரிவுசெய்து, ஆதாரக் கோட்டையும் சாய்கோட்டையும் சொடுக்குக.
3. பரிமாண வில்லை இரு கோடுகளுக்கும் இடையே வைக்குக. அடுத்துள்ள பக்கத்தில் வைத்தால் 150° எனக் காட்டும்.

கவனிக்க: வில்லின் மையம் உச்சியாகும். ஆதாரக் கோடு பொருளின் விளிம்பன்று. எனவே தடித்த கோட்டால் வரையற்க. பென்சிலால் வரையும்போதும் இதுவே விதி.