தலைசுற்றலா? எழுதி வையுங்கள்!

அடிக்கடி தலை சுற்றுகிறதா? "பித்தம்தான்" என்று எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு இருந்து விடுகிறீர்களா? அது போதாது. காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எல்லாம் ஒன்றல்ல

வீடே சுழல்வது போல் இருக்கிறதா? படுக்கையில் புரளும்போது வருகிறதா? ஒரு நிமிடத்துக்குள் நின்று விடுகிறதா? இது காதுக் கோளாறாக இருக்கலாம். நாம் விழாமல் நிற்க உள்காது உதவுகிறது. அங்குள்ள சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறினால் தலை சுற்றும். தலையைப் பல பக்கம் திருப்பி டாக்டர் இதைச் சரி செய்வார்.

எழுந்து நின்றதும் கண் இருட்டுகிறதா? இரத்த அழுத்தம் சட்டென்று குறைந்திருக்கலாம். தண்ணீர் போதாமல் இருக்கலாம். சில மாத்திரைகளாலும் வரலாம். ஆனால் மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

எப்போதும் களைப்பா? மூச்சு வாங்குகிறதா? இரத்தசோகையாக இருக்கலாம்.

நர்சம்மா கேட்டது

நர்சம்மா: எத்தனை நாளாக இப்படி, அக்கா?

அக்கா: ஆறு மாசமா இருக்கு, நர்சம்மா.

நர்சம்மா: எப்போதெல்லாம் வருது?

அக்கா: ஞாபகம் இல்லையே.

நர்சம்மா: ஒரு வாரம் நோட்டில் எழுதுங்க.

அக்கா: நானா?

நர்சம்மா: நீங்கதான். இப்போ எழுதப் படிக்கத் தெரியுமே!

அக்கா எழுதியது

திங்கள். காலை 6 மணி. பாயிலிருந்து எழுந்தேன். கண் இருட்டியது. 1 நிமிடம்.

புதன். காலை 6 மணி. எழுந்து நின்றேன். சுவரைப் பிடித்தேன்.

வெள்ளி. பகல் 12 மணி. களை எடுத்து நிமிர்ந்தேன். காலையில் சாப்பிடவில்லை.

டாக்டர் நோட்டைப் படித்தார். படுத்திருக்கும்போது இரத்த அழுத்தம் பார்த்தார். நின்ற பிறகும் பார்த்தார். இரத்தமும் சோதித்தார். ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமாவது வேண்டும். ஆணுக்கு 13 கிராமாவது வேண்டும்.

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். "மலம் கறுப்பாகப் போகும். பயந்து நிறுத்தி விடாதீர்கள். மாத்திரையோடு டீ குடிக்காதீர்கள்" என்றார்.

தினமும் கவனிக்க

படுக்கையிலிருந்து சட்டென்று எழாதீர்கள். முதலில் உட்காருங்கள். சிறிது நேரம் கழித்து எழுங்கள்.

தலை சுற்றினால் உடனே உட்காருங்கள் அல்லது படுங்கள்.

சுற்றல் தீரும்வரை ஏணியில் ஏறாதீர்கள். தனியாகக் கிணற்றடிக்குப் போகாதீர்கள்.

பயந்து படுத்தே கிடக்காதீர்கள். துணையோடு மெல்ல நடங்கள். நடந்தால்தான் உடல் நிதானத்துக்குப் பழகும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

முகம் ஒரு பக்கம் கோணினால், பேச்சு குழறினால், ஒரு கையோ காலோ விளங்காமல் போனால், நெஞ்சு வலித்தால், நினைவு தப்பினால் காத்திருக்க வேண்டாம். பல மாநிலங்களில் 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும்.

பயிற்சி

1. அக்காவுக்கு எந்த நேரத்தில் கண் இருட்டியது?

2. டாக்டர் ஏன் இரண்டு முறை இரத்த அழுத்தம் பார்த்தார்?

3. உங்கள் வீட்டில் யாருக்காவது தலை சுற்றுகிறதா? நாள், நேரம், அப்போது செய்த வேலை, எவ்வளவு நேரம் இருந்தது என்று எழுதுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.