யாரால் யாரை நீக்க முடியும்?

பொம்மனஹள்ளி,
பெங்களூரு

அன்புள்ள தம்பிக்கு,

சில்க் போர்டிலிருந்து சிங்கசந்திரா வரை ஹோசூர் ரோட்டின் இரு பக்கமும் இருக்கும் சின்ன டிரஸ்டுகளையும் சொசைட்டிகளையும் ஆராயப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். யார் நடத்துகிறார்கள், யார் பணத்தில் ஓடுகிறது, யாருக்குக் கணக்குச் சொல்கிறார்கள் என்பது உன் விஷயம். கேள்வித்தாளையும் பார்த்தேன், நேர்த்தியாக இருக்கிறது. ஆண்டுக்கு எத்தனை போர்டு மீட்டிங், எத்தனை பெண் டிரஸ்டிகள், ஆடிட் நடக்கிறதா, வெளிப்படைத்தன்மைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண்... எந்த மேனேஜரும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் இதை நிரப்பிக் கொடுத்துவிடுவார். கம்பெனிக்கு ஒரு படிவம், வருமான வரிக்கு ஒன்று, உள்துறைக்கு ஒன்று என்று வருஷம் முழுக்க அவர்களுக்கு இதுதான் வேலை. உன்னுடையது இன்னொன்று, அவ்வளவுதான்.

கேள்வித்தாளைத் தூக்கிப் போட வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு கேள்வியை வைத்துக்கொள்: இந்த அமைப்பில் யாரால் யாரை நீக்க முடியும்? நான் எந்த அமைப்பின் ஆவணத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் இதைத்தான் தேடுவேன். நிர்வாகம், நிதி, பொறுப்பு என்று நீ மூன்று அத்தியாயமாகப் பிரித்திருப்பவை இந்த இடத்தில் ஒன்றாகிவிடும்.

சட்டப்படி மூன்று உருவம் இருப்பது உனக்குத் தெரியும். செக்‌ஷன் 8 கம்பெனி என்றால் அதன் டைரக்டர்கள் யார் என்று கம்பெனி ரிஜிஸ்திராரிடம் பதிவு இருக்கும், கட்டணம் கட்டி எவரும் பார்க்கலாம். சொசைட்டி என்றால் 1960ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டம். ஆண்டுப் பொதுக்குழு கூட வேண்டும், உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நிர்வாகக் குழுவை மாற்றலாம். புகார் வந்தால் 25ஆம் பிரிவில் ரிஜிஸ்திரார் விசாரிக்கலாம், 27ஏ பிரிவில் அரசு நிர்வாகி ஒருவரை நியமிக்கலாம். ஏட்டில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் உறுப்பினர் பட்டியலை வாங்கிப் பார். தலைவர், அவர் மனைவி, மச்சான், மச்சானின் தொழில் கூட்டாளி என்று ஏழு பேரில் முடிந்திருந்தால், ஓட்டு என்பது வீட்டுக்குள் நடக்கும் பேச்சு.

டிரஸ்டுதான் நீ அதிகம் சந்திக்கப் போவது. ஒரு பத்திரம் எழுதி சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் பதிந்தால் போதும். மகாராஷ்டிரத்தில் 1950 முதல் இதற்கென்று சட்டமும் சாரிட்டி கமிஷனரும் உண்டு. இங்கே பொதுவான அறக்கட்டளைகளுக்கு அப்படி ஓர் அதிகாரி கிடையாது, தமிழ்நாட்டிலும் கிடையாது. டிரஸ்டிகளை டிரஸ்டிகளே நியமித்துக்கொள்வார்கள், பல பத்திரங்களில் ஆயுள் முழுவதற்கும். அந்தப் பத்திரத்தையாவது பார்க்கலாம் என்று போனால் இன்னொரு முட்டுக்கட்டை. 1908 பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவில், நிலம் சம்பந்தப்பட்ட 1ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 4ஆம் புத்தகத்தில் பதிந்ததின் நகல், எழுதிக் கொடுத்தவருக்கும் அதன் மூலம் உரிமை கோருபவருக்கும் மட்டும். சில ஆயிரம் ரூபாய் ரொக்கம் வைத்துத் தொடங்கும் டிரஸ்டுகள் போவது இந்த 4ஆம் புத்தகத்துக்கு. பொதுமக்களிடம் நன்கொடை வாங்கும், வரிச்சலுகை பெறும் ஒரு அமைப்பின் அடிப்படை ஆவணத்தைப் பொதுமக்கள் கேட்டு வாங்க முடியாது! ஆகவே பத்திரத்தை டிரஸ்டிடமே கேள். தருகிறார்களா, தயங்குகிறார்களா, எத்தனை நாள் இழுக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள். உன் கேள்வித்தாளின் பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

சட்டத்தில் வழியே இல்லை என்று எழுதிவிடாதே. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு இருக்கிறது. ஓர் அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவர் நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குப் போடலாம். டிரஸ்டியை நீக்கவும் கணக்குக் கேட்கவும் அதில் இடமுண்டு. இந்த வழி எவ்வளவு பழையது, எவ்வளவு மெதுவானது என்பதற்கு நம் ஊர் உதாரணம் பச்சையப்ப முதலியார். 1794இல் உயில் எழுதி வைத்துவிட்டு இறந்தார். தர்மங்கள் எழுதியபடி நடக்கவில்லை. சொத்து உறவினர்களும் நிர்வாகிகளும் இழுத்த இழுப்புக்குப் போனது. அட்வகேட் ஜெனரல் தலையிட்டு, அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட்டில் வழக்காடி, மிஞ்சிய பணத்தில் பள்ளிக்கூடம் திறந்தது 1842இல். இடையில் 48 ஆண்டு. இந்த நூற்றாண்டிலும் அதே அறக்கட்டளைக்கு உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதியை இடைக்கால நிர்வாகியாக வைக்க வேண்டி வந்தது. ஆளை மாற்றுவது நீதிமன்றத்தால் முடிகிறது. மாற்றவேண்டிய நிலை வராமல் தினப்படி கேட்பார் ஒருவர் வேண்டுமே, அதை நீதிமன்றத்தால் செய்ய முடிவதில்லை.

பெங்களூரில் நீ கட்டாயம் வாசிக்க வேண்டிய வழக்கு இஸ்கான் வழக்கு. ஹரே கிருஷ்ணா மலைக் கோவில் மும்பையில் பதிவான சொசைட்டிக்கா, கர்நாடகச் சட்டத்தில் 1978இல் பதிவான பெங்களூரு சொசைட்டிக்கா என்பது கேள்வி. 2001இல் தொடங்கியது. 2009இல் சிவில் கோர்ட் பெங்களூரு பக்கம், 2011இல் உயர் நீதிமன்றம் மும்பை பக்கம், 2025 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி பெங்களூரு பக்கம். பக்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எந்த சொசைட்டி உயிரோடு இயங்கியது, 1988இல் பெங்களூரு வளர்ச்சி ஆணையமான பி.டி.ஏ. நிலம் ஒதுக்கியது யாருக்கு, கடிதங்களிலும் கணக்குகளிலும் எந்தப் பெயர் இருந்தது என்றுதான் வாதம் போனது. யாரும் படிக்கமாட்டார்கள் என்று நினைத்து நிரப்பும் காகிதம் கால் நூற்றாண்டு கழித்துச் சாட்சி சொல்ல வரும். மினிட்ஸ் புத்தகத்தை ஒரு சடங்காகப் புரட்டாதே.

அந்தக் கோவிலைச் சார்ந்தவர்கள் 2000இல் தொடங்கிய அட்சய பாத்திரா அறக்கட்டளை வேறொரு பாடம். பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவு போடும் மிகப் பெரிய அமைப்பு அது. 2020 நவம்பர் வாக்கில் மோகன்தாஸ் பை உள்ளிட்ட சுயேச்சை டிரஸ்டிகள் சிலர் நிர்வாக முறை பற்றிக் கேள்வி எழுப்பி விலகினார்கள். அமைப்பு குற்றச்சாட்டுகளை மறுத்தது; டிரஸ்டிகள் குழுவைத் திருத்தியும் அமைத்தது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையில்லை. ஆனால் கவனி: அவர்களிடம் இருந்த கடைசி ஆயுதம் ராஜினாமா. இன்னொருவரை நீக்க முடியாதவர் தன்னை நீக்கிக்கொண்டார். நாடறிந்த பெயர்கள் என்பதால் செய்தியானது. பேகூர் ரோட்டில் மூன்று அறையில் நடக்கும் ஒரு டிரஸ்டில் மனம் கசந்து ஒருவர் விலகினால் யாருக்குத் தெரியும்? ஆகவே இருக்கும் டிரஸ்டிகளைப் பேட்டி காண்பதோடு நிறுத்தாதே. போனவர்களைத் தேடு.

இனிப் பணம். நீக்கும் அதிகாரம் உண்மையில் யாரிடம் என்று கேட்டால், பணம் தருபவரிடம். அடுத்த ஆண்டு நிதி வராது என்ற ஒரு மெயில் போதும், எந்தப் பொதுக்குழுத் தீர்மானமும் இல்லாமல் நாலு ஆசிரியைகள் வேலை இழப்பார்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு பெரிய கம்பெனிகளை மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிடச் சொல்கிறது. தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. எலக்ட்ரானிக் சிட்டியை ஒட்டிய நம் பகுதிக்கு இது வரவு. ஆனால் ஒரே பள்ளிச் சுவரில் மூன்று கம்பெனிப் பெயரும், அடுத்த தெருப் பள்ளியில் தண்ணீர் வராத கழிப்பறையும் இருப்பதை நீயே பார்ப்பாய்.

ஓவர்ஹெட் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே. வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த நிதியில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முன்பு 50. அந்த 135ஆம் பிரிவுச் செலவுக்கான சி.எஸ்.ஆர். விதியில் 5 சதவீதம் என்று ஒரு வரம்பு உண்டு. அது கம்பெனி தன் சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்குச் செலவிடுவதற்கான வரம்பு. பல கம்பெனிகள் அதைத் தூக்கித் தொண்டு நிறுவனத்தின் தலையில் வைக்கின்றன. வாடகை யார் தருவது, கணக்கரின் சம்பளம் எங்கிருந்து? ஆகவே கணக்கர் 'புராஜெக்ட் கோஆர்டினேட்டர்' ஆகிவிடுவார். வரவு செலவில் இதைக் கண்டதும் பொய் கண்டுபிடித்துவிட்டதாகத் துள்ளாதே. உண்மைச் செலவை எழுதினால் நிதி கிடைக்காது என்று பழக்கியவர்களையும் அதே பக்கத்தில் எழுது. நீ துள்ள வேண்டிய இடம் வேறு: டிரஸ்டியின் சொந்தக் கட்டடத்துக்கு டிரஸ்ட் தரும் வாடகை, 'கடனும் முன்பணமும்' என்ற தலைப்பில் ஆண்டுக்கு ஆண்டு அசையாமல் நிற்கும் தொகை, உறவினர் நடத்தும் கடையில் மட்டும் வாங்கிய பொருள்கள். வருமான வரிச் சட்டம் நெருங்கியவர்களுக்குப் போகும் ஆதாயத்தைக் கண்காணிப்பதற்குக் காரணம் உண்டு.

அரசும் நீக்கும். வெளிநாட்டு நிதி உரிமம் ரத்தானவை இருபதாயிரத்துக்கும் மேல். அந்தப் பட்டியலைக் குற்றவாளிப் பட்டியலாக வாசிக்கக் கூடாது என்பதற்கு நம் மஞ்சள் தட மெட்ரோவிலேயே ஞாபகக் குறிப்பு இருக்கிறது. இங்கே ஏறி எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினால் 'இன்ஃபோசிஸ் ஃபவுண்டேஷன் கோணப்பன அக்ரஹாரா' என்று ஸ்டேஷன் வரும். அந்த ஃபவுண்டேஷனின் வெளிநாட்டு நிதிப் பதிவு 2019 மே மாதம் ரத்தானது; சட்டம் மாறியதால் எங்களுக்கு அது தேவையில்லை, நாங்களே கேட்டுக்கொண்டோம் என்றார்கள். 'ரத்து' என்ற ஒரு கட்டத்துக்குள் ஏமாற்றியவர், கணக்குத் தாக்கல் செய்ய மறந்தவர், அரசுக்குப் பிடிக்காதவர், தானே வேண்டாம் என்றவர் எல்லாரும் இருக்கிறார்கள். பிரித்துப் பார்க்கவும் இப்போது வசதி குறைவு. 2022 ஜூலையில் உள்துறை தன் தளத்திலிருந்து ஆண்டுக் கணக்குகளையும் ரத்துப் பட்டியலையும் எடுத்துவிட்டது. தொண்டு நிறுவனங்களிடம் வெளிப்படைத்தன்மை கேட்கும் அரசு செய்த காரியம் இது.

தொண்டு நிறுவனங்களின் மொத்த எண்ணிக்கையை வைத்து முன்னுரையைத் தொடங்கும் ஆசையும் வேண்டாம். 2015இல் சி.பி.ஐ. உச்ச நீதிமன்றத்துக்காகத் திரட்டியபோது 26 மாநிலங்களில் 31 லட்சம் என்று வந்தது; கணக்குத் தாக்கல் செய்தவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. கர்நாடகம் அப்போது விவரமே கொடுத்திருக்கவில்லை. பதிவேட்டில் பிறப்பு மட்டும் உண்டு, இறப்பு கிடையாது. அந்த லட்சங்களில் இயங்குபவை எத்தனை என்று அது சொல்லாது. அரசு மானியத்தில் பெருமளவு ஓடும் அமைப்பு என்றால் உனக்கு வேறொரு கதவு இருக்கிறது. அப்படிப்பட்டவை தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019 செப்டம்பரில் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனுப் போடு.

இதுவரை சொன்னதில் ஒருவர் வரவே இல்லை, பார். மங்கம்மனபாளையாவில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் அம்மா, டியூஷன் சென்டரில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாரே, அவர். அவரால் யாரையும் நீக்க முடியாது. பிள்ளையை அனுப்பாமல் இருக்கலாம், அதுவும் வேறு போக்கிடம் இருந்தால். 'பயனாளிகள் கருத்து' என்ற உன் பகுதிக்கு சென்டரிலேயே, டீச்சர் பக்கத்தில் நிற்க, பேட்டி எடுக்கத் திட்டமிட்டிருக்கிறாய். எல்லாரும் நல்லா இருக்கு சார் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வீட்டு வாசலில் பேசு. 'திருப்தியா' என்று கேட்காதே. போன வருஷம் சென்டரை மூடும் நேரத்தை மாற்றினார்களே, உங்களைக் கேட்டார்களா என்று கேள்.

அதே தெருவில் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டம் நடந்தால் போய் உட்கார். பணம் எல்லார் கண் முன்னால் எண்ணப்படும். தலைவி தவறினால் அடுத்த வாரம் வேறு தலைவி. அங்கேயும் சண்டை, கடன் பாக்கி, ஜாதி எல்லாம் உண்டு. ஆனால் கணக்குக் கேட்பவரும் பலன் பெறுபவரும் ஒரே ஆள். உன் ஆய்வில் அதை ஒப்பீட்டுக்கு வை.

நேரமிருந்தால் மடிவாளா சோமேஸ்வரர் கோவில் சுவரையும் பார்த்துவிடு. 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றில், வேப்பூர் என்று அன்று சொன்ன நம் பேகூரைச் சேர்ந்தவர் நிலம் கொடுத்த செய்தி இருக்கிறது. கொடுத்தவரைச் சொல்லும் கல்வெட்டு ஆயிரக்கணக்கில் உண்டு. வாங்கி நிர்வகித்தவர் கணக்குக் காட்டாவிட்டால் என்ன செய்வது என்று எழுதி வைத்தது உத்திரமேரூர்: ஊர்ச் சபையின் வாரியத்தில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடவோலையில் போடக் கூடாது. அந்தச் சபையில் யார் உட்காரலாம் என்பதில் இருந்த அநியாயம் தனிக் கதை. ஆனால் மச்சானையும் சேர்த்து விலக்க வேண்டும் என்று பத்தாம் நூற்றாண்டிலேயே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

பெயர்களை அச்சிடலாமா என்று கேட்டிருந்தாய். நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் வந்துவிட்டவற்றைப் பெயரோடு எழுது. சின்ன டிரஸ்டுகளைப் பெயரில்லாமல் எழுது. அதற்கு முன் அவர்களைப் பற்றிய பக்கத்தை அவர்களிடம் காட்டு. அவர்கள் மறுப்பதை நீ ஏற்காவிட்டாலும் மறுப்பையும் சேர்த்துக்கொள். இந்த நாட்டில் நீ எழுதும் ஒரு பத்தி யார் கையில் எதற்குப் பயன்படும் என்று யோசிக்காமல் எழுத முடியாது. உன் ஃபெலோஷிப்புக்குப் பணம் தருவது யார், அவர்கள் அறிக்கையை நிறுத்த முடியுமா என்பதை முதல் பக்கத்திலேயே போட்டுவிடு. அறிக்கை தயாரானதும் அவர்களுக்குப் போகும் அன்றே, இரண்டு பக்கச் சுருக்கம் கன்னடத்திலும் தமிழிலும் அந்த அம்மாக்களுக்கும் போக வேண்டும்.

கன்னட எழுத்து, முக்கியமாகக் கன்னட எண்கள், இந்த மாதத்துக்குள் வாசிக்கப் பழகிக்கொள். சொசைட்டி பைலாக்களில் பாதி கன்னடத்தில்தான் இருக்கும். டிரஸ்டியை எப்படி விலக்குவது, காலியிடத்தை யார் நிரப்புவது என்ற ஷரத்து வழக்கமாகப் பின்பக்கங்களில் கிடக்கும், அங்கிருந்து தொடங்கு. முதல் பத்திரம் கையில் கிடைத்ததும் எடுத்துக்கொண்டு வா, சேர்ந்து வாசிக்கலாம்.

அன்புடன்,
அண்ணன்